தம்மய்யா கொடுத்த ரத்தம்

டிப்போ ஆபீசுக்குப் பதினோரு படி. ஏழாவது படியிலேயே செலுவய்யா உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருஷம் சகலேஷ்புரம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். பாதம் வீங்கி ஷூவுக்குள் போகாததால் வீட்டுச் செருப்போடு வந்திருந்தார்.

"மெதுவா வாண்ணா," என்று கைகொடுத்துத் தூக்கினார் கண்டக்டர் தம்மய்யா. பத்தொன்பது வருஷமாக இருவருக்கும் ஒரே பஸ், ஒரே டப்பா ராகிக் களி. இப்போது தம்மய்யா தொழிற்சங்கச் செயலாளரும்கூட. வேறு வேலைக்குப் பேசி முடித்துத் தருவதாகச் சொல்லித்தான் கூட வந்திருந்தார்.

அதிகாரியின் மேஜையில் இரண்டு காகிதங்கள். ஒன்று மைசூர் ஆஸ்பத்திரியுடையது: ரத்தக் குழாயில் அடைப்பில்லை, பன்னிரண்டு வருஷச் சர்க்கரை இதயத் தசையையே கெடுத்துவிட்டது, இனி ஓட்டக் கூடாது. மற்றது டிப்போவின் வருடாந்தரப் பரிசோதனை: பன்னிரண்டு வருஷமும் சர்க்கரை இல்லை.

"உக்காந்து பாக்கற வேலையா குடுங்க சார். கேட்டுல காவலுக்கு இருந்துக்கறேன்," என்றார் செலுவய்யா.

"வியாதிய மறைச்சவனுக்கு வேலையே கெடையாது. இது யார் ரத்தம்யா?"

சர்க்கரை தெரிந்தால் ஸ்டியரிங்கிலிருந்து இறக்கி, பஸ் கழுவ அனுப்பிவிடுவார்கள். அதனால் டிரைவர் பெயரில் கண்டக்டர் கை நீட்டுவது அந்த டிப்போவில் ஊரறிந்த ரகசியம். யோசனை சொன்னதே தம்மய்யாதான். "என் ஒடம்புல ரத்தம் இருக்கறவரைக்கும் உனக்கு சுகர் இல்லண்ணா," என்பார். சுத்தமான அந்தக் காகிதத்தை வருஷாவருஷம் பார்த்துச் செலுவய்யாவே பாதி நம்பிப்போனார். மாத்திரையை விட்டார், டீக்குச் சர்க்கரையை விடவில்லை.

செலுவய்யா தம்மய்யாவைத் திரும்பிப் பார்த்தார். தம்மய்யா சட்டைப்பைப் பேனாவைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்கெப்படி சார் தெரியும்? அவனவன் கைய அவனவன்தான நீட்டணும்."

உண்மையைச் சொன்னால் அவனுக்கும் வேலை போகும், அது செலுவய்யாவுக்குத் தெரியும். ஆனாலும் அண்ணா என்று கூப்பிட்ட வாய்தானே இது? வேலைநீக்கக் காகிதத்தில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

இறங்கும்போது கைகொடுக்க யாருமில்லை. நின்று நின்று அவர் கீழே வந்தபோது, பஸ் கழுவும் கொட்டகையில் இந்த வருஷப் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. நர்சுக்கு எதிரே சட்டைக் கையைச் சுருட்டியபடி தம்மய்யா உட்கார்ந்திருந்தார்.

"பேரு?"

"ஈரப்பா. டிரைவர்."

சொல்லிவிட்டு முஷ்டியை மடக்கினார். கொட்டகைத் தூணோரம் நின்ற ஈரப்பா ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்து முடித்து, அடுத்த பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தான்.