ராஜாவின் கறிக்கு மரியாதை

வெர்சாய் அரண்மனைக்குள் நுழைய ஓர் ஆண்பிள்ளைக்கு இரண்டு போதும். தலையில் தொப்பி, இடுப்பில் வாள். பிச்சைக்காரர்களையும் துறவிகளையும் தவிர யார் வேண்டுமானாலும் ராஜா வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். வாள் இல்லாமல் வருகிறவர்களுக்கு நான் வாடகைக்குக் கொடுப்பேன். என் பெயர் கியமெத். வாசல் கம்பிக் கதவை ஒட்டி என் கடை. என் வாள்களில் ஒன்றுகூட உறையை விட்டு வராது, அவ்வளவு துரு. வெளியே வந்து என்ன ஆகப்போகிறது, காட்டத்தானே!

அன்று கடை முன்னால் வந்து நின்றவனைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. ஃபோஷார். எங்கள் லுவார் ஆற்றங்கரையில் உப்புக் காவல் படைக்குத் தலைவன். அக்கரையில் உப்புக்கு வரியில்லை. எங்கள் கரையில் இருந்த விலைக்குக் கண்ணீரைத்தான் சூப்பில் விட வேண்டும். என் தம்பி உர்பேன் பன்றிக்கறியை உப்புக்கண்டம் போட ஒரே ஒரு மூட்டை உப்பை அக்கரையிலிருந்து படகில் கொண்டுவந்தான். இந்தப் பாவி அவனைப் பிடித்து, ராஜாவின் கப்பலில் துடுப்புத் தள்ளும் தண்டனை வாங்கிக்கொடுத்தான். காலில் விழுந்த என் தாயிடம், "எந்திரி, பூட்ஸ் அழுக்காகுது" என்றான். மர்சேய் துறைமுகத்தில் காலில் சங்கிலியோடேயே செத்துப்போனான் என் தம்பி.

ஃபோஷாருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"ஏம்மா, இருக்கறதுலயே பளபளன்னு ஒண்ணு எடு. இன்னிக்கு என் வாழ்க்கையே இதுல இருக்கு."

"அப்படி என்னங்கய்யா விசேஷம்?"

அவனுக்கு வாயெல்லாம் பல். ஒரு பிரபு அவனை இன்று மந்திரியிடம் அறிமுகம் செய்துவைக்கப் போகிறாராம். அது நடந்தால் மாகாணம் முழுவதற்கும் உப்புக் காவல் அவன் கையில். அதற்காக நிலம் நீச்சையெல்லாம் விற்றுப் பிரபுவிடம் கொட்டியிருக்கிறான். முழு மாகாணமா? இன்னும் எத்தனை வீட்டில் சாவு விழ வேண்டும் இவனுக்கு? இந்தப் பதவி உனக்குக் கிடைத்துவிடுமா, பார்க்கிறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

"உள்ள எப்படி நடந்துக்கணும்னு தெரியுங்களா?"

"நீதான் சொல்லேன். உனக்குப் புண்ணியமாப் போகும்."

சொன்னேன். கதவைத் தட்டக் கூடாது, சுண்டுவிரல் நகத்தால் பிறாண்ட வேண்டும். ராஜாவின் கட்டில் காலியாகக் கிடந்தாலும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் தாண்ட வேண்டும். எல்லாம் சத்தியமான உண்மை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"கடைசியா ஒண்ணுங்கய்யா. சமையக்கட்டு ஆளுங்க மூடி போட்ட தட்டைத் தூக்கிட்டு வருவாங்க. பட்டிக்காட்டுப் பசங்க பயந்துபோய்க் குனிவானுங்க. நீங்க அசையாதீங்க. சட்டி தூக்கறவனுக்குத் தொப்பி கழட்டறவனை எந்த மந்திரி மதிப்பான்?"

"நல்லவேளை சொன்னே! நான் கழட்டித் தொலைச்சிருப்பேன்."

அந்தத் தட்டில் போவது ராஜாவின் கறி. ராஜாவுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை அவர் கறிக்கும் உண்டு. எதிரே வருகிறவன் இளவரசனாகவே இருந்தாலும் தொப்பியைக் கழற்றிக் குனிந்தே ஆக வேண்டும். வெர்சாயில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும்.

கடையைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். அந்தக் காட்சியைப் பார்க்காவிட்டால் எனக்கு ஒரு வாய் இறங்காது.

மேல்மாடிக் கூடத்தில் தட்டுகள் வந்தன. முன்னால் காவலர்கள், நடுவில் கோல் பிடித்த பெரியவர், பின்னால் ஆவி பறக்கும் வெள்ளித் தட்டுகள். கூடமே குனிந்தது. ஃபோஷார் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தொப்பியும் தானுமாக நின்றான். அதோடு விட்டானா? பக்கத்தில் குனிந்திருந்த பிரபுவின் தோளைத் தட்டி, எல்லார் காதிலும் விழ, "என்ன பிரபுவே, சட்டி தூக்கறவனுக்கா இப்படிக் குனியறீங்க?" என்றான்.

அடடா! நான் சொல்லிக்கொடுக்காததையும் சேர்த்துச் செய்தான் மகராசன்.

காவலன் ஒருவன் ஈட்டிக் கட்டையால் அவன் தொப்பியைத் தட்டிவிட்டான். பிரபு முகம் வெளுத்துப்போய், "இந்த ஆள் யாரு? நான் பாத்ததே இல்லையே!" என்றார். ஃபோஷாரைக் கழுத்தைப் பிடித்துப் படிக்கட்டு வழியாகத் தோட்டத்தில் தள்ளினார்கள். ஜன்னலுக்கு ஜன்னல் சீமாட்டிகள் நின்று சிரித்தார்கள். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அப்படிக் குளிர்ந்ததில்லை.

நான் இறங்கிப் போனபோது, தோட்டத்தில் வற்றிய நீரூற்று விளிம்பில் உட்கார்ந்திருந்தான். பெரிய மனிதர்கள் நடந்து வந்தால்தான் ஊற்றுக்காரர்கள் ஒருவருக்கொருவர் விசிலடித்துத் தண்ணீரைத் திறப்பார்கள். இவனுக்கு யார் விசிலடிப்பார்கள்?

"அடிப்பாவி, வேணும்னேதானே சொன்னே? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?" என்றான். பிறகு கையெடுத்துக் கும்பிட்டான். "எனக்கு ஒண்ணுமே மிச்சமில்லம்மா. நீதான் தப்பாச் சொல்லிக்கொடுத்தேன்னு காவலருங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"சொல்றேன். நானும் லுவார் ஆத்தங்கரைதான். நீ கப்பலுக்கு அனுப்பினவன் ஒருத்தனோட அக்கா. அவன் பேரைச் சொல்லு, இப்பவே வந்து சொல்றேன்."

என்னையே உற்றுப் பார்த்தான்.

"படகுக்காரன் மாத்துரேன்?"

"இல்ல."

"அந்த நொண்டி... ஜில்?"

"இல்ல."

"கொல்லன் மவன் அன்செல்ம்? இல்லையா? மில்லுக்காரி வீட்டு ரெட்டைப் பசங்களா?"

ஒவ்வொரு பேருக்கும் ஓர் அக்காவோ அம்மாவோ எங்கேயோ உட்கார்ந்து அழுதிருப்பாள். என் தம்பி அந்தக் கூட்டத்தில்கூட இல்லை.

"தெரியலியேம்மா" என்று கையைப் பிசைந்தான். "நீயே சொல்லிடேன், அவன் யாரு?"

சொல்லியிருந்தால் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருப்பான், அடுத்த நிமிஷம் மறந்திருப்பான். அவன் இடுப்பிலிருந்த என் வாளை அவிழ்த்துக்கொண்டேன்.

"யோசி. எப்ப ஞாபகம் வந்தாலும் வா, சாட்சி சொல்றேன்."

நடந்தேன். பின்னாலிருந்து கத்திக்கொண்டே இருந்தான். "ரெனே? திபோவா? ஏய், நில்லு! லியோனாரா?"

ஒன்றுகூட உர்பேன் இல்லை.