இறுகிப்போன விஸ்கி

"குடிக்க வெளிய போகாதீங்க. வீட்லயே குடிங்க, நானே கலந்து தர்றேன்."

"நீயா? உங்கப்பா பாத்தார்னா என்னைத் தொலைச்சுடுவாரு."

"லெமன் டீன்னு சொல்லிக்கலாம்."

கல்யாணமான முதல் கோடையில் ஜீவிதாவும் ஹேமநாத்தும் பேசிக்கொண்டது இது. முந்தைய இரவு அவன் குடித்துவிட்டு ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் வண்டியோடு விழுந்து, முழங்கை தேய்ந்து வந்திருந்தான். 'குடிக்காதீங்க' என்பதுதான் அவள் நெஞ்சில் இருந்தது. சண்டை வந்துவிடுமோ என்று பயந்து இப்படிச் சொல்லிவிட்டாள்.

டீ டிகாஷன், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, விஸ்கி. எல்லாவற்றையும் கலந்து எவர்சில்வர் டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைப்பாள். விஸ்கி இருப்பதால் அது கல்லாக இறுகாது, ஈர மணல் மாதிரி நிற்கும். மறைமலை நகர் தொழிற்சாலையிலிருந்து வெயிலில் வெந்து வருகிறவன் ஸ்பூனால் வழித்து டம்ளரில் போட்டுக்கொள்வான். "பார் வெச்சா பொழச்சுக்குவ ஜீவி!" அந்தச் சிரிப்புக்காகவே ஒவ்வொரு கோடையும் கலந்தாள்.

இந்த மே மாதம் அவன் கண்கள் மஞ்சளாயின, காலும் வயிறும் வீங்கின. ஈரல் சுருங்கத் தொடங்கிவிட்டது, இனி ஒரு சொட்டுகூடக் கூடாது என்றார் டாக்டர். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்று ஆட்டோவிலேயே பேச்சை முடித்துவிட்டான் ஹேமநாத். அன்றிலிருந்து ஜீவிதா விஸ்கியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து டிகாஷனைக் கூட்டினாள். அந்தக் கசப்பில் அவனுக்குத் தெரியவில்லை. நேற்று கலந்தபோது விஸ்கியே ஊற்றவில்லை.

இன்று ஸ்பூன் இறங்கவில்லை.

"என்னடி இது, மீன்காரங்க ஐஸ் மாதிரி இருக்கு?" சிரித்துக்கொண்டே ஓங்கிக் குத்தினான். தெறித்த சில்லை நாக்கில் வைத்ததும் சிரிப்பு நின்றது. "இதுல சரக்கே இல்ல."

அவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"சரி, நான் கடைக்கே போய்க்கிறேன்."

வண்டிச் சாவியை எடுத்தான். அது கை நழுவிக் கீழே விழுந்தது. வீங்கிய வயிறு அவனைக் குனிய விடவில்லை. கோபத்தில் மூச்சிரைத்தது.

"இத்தனை வருஷமா நீதானே கலந்து குடுத்த? ஒரு தடவையாவது வேணாம்னு சொல்லியிருக்கியா?"

சொன்னதில்லை. ஜீவிதா குனிந்து சாவியை எடுத்துக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"இப்ப கேக்குறேன் ஹேம். குடிக்காதீங்க. எனக்காக விட்டுடுங்க."