காலை நேரத்து ட்ரம்பெட்

என் தங்கை நோயெமியைக் கட்டிக்கொண்டவன் எலாடியோ இரிசாரி. சல்சா கேட்கிற வீடுகளில் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், உட்கார்ந்திருப்பவர்களின் கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். நான் அப்தியாஸ். அவனுடைய குழுவில் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை பியானோ வாசித்தவன்.

நாங்கள் இருவரும் மயாகுவேஸ்காரர்கள். நியூயார்க்குக்குத் தெற்கே, கடல் நடுவே இருக்கும் எங்கள் தீவின் மேற்குக் கரை ஊர் அது. வேலை தேடி ஊரே நியூயார்க்குக்குக் கிளம்பிய காலத்தில் நாங்களும் கிளம்பினோம். அந்நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரே கட்டடத்தில், நான் கீழ்மாடியிலும் அவனும் நோயெமியும் மேல்மாடியிலுமாகக் குடியிருந்தோம். பகலில் அவன் கைப்பை செய்யும் தொழிற்சாலையில் தோல் வெட்டினான். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு முன்னறையில் குழு கூடியது.

அவன் ட்ரம்பெட் ஊதுவதை நேரில் கேட்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? மற்றவர்களுடைய சத்தம் முன்னால் பாய்ந்து ஓடும். அவனுடையது அரை அடி பின்தங்கி, யாரையோ விட்டுவிட்டு வந்தவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடப்பதுபோல வரும். ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வார்கள், காலை மட்டும் நிறுத்த மாட்டார்கள். ‘மாம்பழக் கூடை’ என்ற பாட்டில் நடுவே அவன் தனியாக ஊதும் இடம் ஒன்று வரும். அந்த ஓர் இடத்துக்காகவே அந்த இசைத்தட்டு பிராங்க்ஸிலும் எங்கள் தீவிலும் தேய்ந்து போகும்வரை ஓடியது. அவனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

இரண்டாவது ட்ரம்பெட் கலிக்ஸ்டோ வேலெஸ். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சத்தம். ஒரு கல்யாணத்தில் பாதிரியார் ஆசீர்வாதத்தை முடிக்கும் முன்பே ஊதத் தொடங்கிவிட்டான். மணப்பெண்ணின் தாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எலாடியோ அன்றே அவனை வெளியே அனுப்பினான்.

“அவரு இழுத்துக்கிட்டே போனாரு, நான் முடிச்சு வச்சேன். இது ஒரு குத்தமாடா?” என்று கேட்டுக்கொண்டே போனான் கலிக்ஸ்டோ.

அடுத்த கோடையில் மலைப்பக்கத்து விடுதி ஒன்றில் ஆட வருபவர்களுக்காக வாசிக்கப் போனோம். மத்தியான வெயில், காய்ந்த சாலை. ஒரு வளைவில் மான் ஒன்று குறுக்கே பாய்ந்தது. வண்டி மரத்தில் மோதி நின்றது. பின்னால் இருந்த எங்களுக்குச் சிராய்ப்போடு போயிற்று. முன்னால் உட்கார்ந்திருந்த எலாடியோவின் முகம் வண்டியின் இரும்பில் போய் அடித்தது. மேல்வரிசை முன்பற்கள் மொத்தமும் போயின. தாடை உடைந்தது. மேலுதடு இரண்டாகக் கிழிந்தது.

ட்ரம்பெட் ஊதுகிறவனுக்கு உதடுதான் குரல். அந்த உதட்டைப் பின்னாலிருந்து தாங்குவது பல். இதை எங்களுக்கு எந்த மருத்துவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதலில் பார்க்க வந்தவன் கலிக்ஸ்டோ. கொய்யாப்பழப் பாகு வைத்த ரொட்டி ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். கம்பி போட்டுக் கட்டிய தாடையோடு எலாடியோ அவனைப் பார்த்தான்.

“கடிக்க முடியாதுன்னு தெரியும்டா. மோந்து பாரு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்” என்றான் கலிக்ஸ்டோ. சொன்னபடியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தின்றான். எலாடியோ சிரிக்கப் போய் வலியில் துடித்தான். நோயெமி இருவரையும் சேர்த்துத் திட்டினாள்.

ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகள் காத்திருந்தன. எலாடியோ ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினான்: ‘கலிக்ஸ்டோ வரட்டும்.’

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், பிராங்க்ஸில் ஆட்டக்கூடம் நிரம்பியிருந்தது. எலாடியோ உடம்பு தேறி முதன்முறையாகக் கேட்க வந்திருந்தான். மேடைக்குப் பக்கத்தில் வராமல் கதவோரம் தூணில் சாய்ந்து நின்றான். ‘மாம்பழக் கூடை’ வந்தது. கலிக்ஸ்டோ தன் முரட்டுச் சத்தத்தையெல்லாம் அடக்கிக்கொண்டு, இசைத்தட்டில் இருந்ததை ஒரு மூச்சுக்கூட மாறாமல் ஊதினான். எவ்வளவு பாடுபட்டு அதைப் படித்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. மேடை தெரியாத தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையைத் தூக்கிக் கத்தினார்கள்: “எலாடியோ! எலாடியோ!”

பியானோவிலிருந்து நிமிர்ந்து கதவைப் பார்த்தேன். தூணடியில் ஆள் இல்லை.

மறுநாள் மாலை அவன் கீழே இறங்கி வந்து என் பியானோ முன் உட்கார்ந்தான்.

“மச்சான், ட்ரம்பெட்ட எடுத்துரு.”

“எதுலேர்ந்து மாப்ள?”

“எல்லாப் பாட்டுலேர்ந்தும். ரெண்டு ட்ராம்போன் போடு. கனமா, அடித்தொண்டைல பேசற மாதிரி இருக்கணும்.”

“கலிக்ஸ்டோகிட்ட யாரு சொல்றது?”

அவனே போய்ச் சொன்னான். நானும் கூடப் போயிருந்தேன். கலிக்ஸ்டோ தன் வீட்டுப் படியில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தான்.

“ரெண்டாவது தடவ துரத்தற. மொத தடவயாச்சும் ஒரு பாதிரியார் இருந்தாரு” என்றான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான். “நான் ஊதறது உன் காதுல உன் சத்தமா கேக்குது. அதானே?”

எலாடியோ தரையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

“போயிட்டு வா. நான் திட்ட மாட்டேன். உன் நெலமைல நான் இருந்தா அந்தச் சனியன ஆத்துல வீசியிருப்பேன்.”

அந்தக் குளிர்காலம் முழுக்க எலாடியோ எழுதினான். ட்ராம்போன்கள் வந்தபின் எங்கள் இசை கருத்து, கனத்து, வீதிச் சண்டைபோல முரடாக ஆனது. அவன் மேடையில் எங்களுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று, கையில் பிடித்த இரும்பு மணியைக் குச்சியால் தட்டித் தாளத்தை ஓட்டினான். மாட்டின் கழுத்தில் கட்டுவார்களே, அப்படிப்பட்ட மணி. புதிய இசைத்தட்டு வந்தபோது பழையதை மக்கள் மறந்தே போனார்கள். காராகாஸ், பனாமா, காலி என்று ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். காலி நகரத்துத் திருவிழாவில் எங்களைத் தோளில் தூக்காத குறைதான்.

அங்கே வானொலிக்காரர் ஒருவர் ஒலிவாங்கியை நீட்டிக் கேட்டார். “அந்த விபத்து மட்டும் நடக்கலேன்னா இந்த இசையே வந்திருக்காது. ஒரு வகைல அது உங்களுக்கு அதிர்ஷ்டம்தானே?”

“உங்களுக்கு அதிர்ஷ்டம்” என்றான் எலாடியோ. அவர் அதை நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தார்.

ட்ரம்பெட்டை அவன் விற்கவில்லை. மாதாமாதம் எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்துத் திரும்பப் பெட்டியில் வைப்பான். பொய்ப்பல் கட்டிக்கொண்டு முயன்றும் பார்த்தான். காற்று எல்லாப் பக்கமும் ஒழுகியது. விமானத்தில், தேவாலயத்தில், சாப்பாட்டு மேசையில், ட்ரம்பெட்டின் மூன்று விசைகளை அழுத்தும் அவனுடைய வலதுகை விரல்கள் தொடையின்மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அவனுக்கே அது தெரியாது.

ஒருநாள் மத்தியானம் நோயெமி என் வீட்டுக்கு வந்து காப்பிக் கோப்பையைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

“அண்ணே, தூக்கத்துல அவன் என் தோள்மேல விரல வச்சு அமுக்கறான்.”

“என்ன செய்யறான்?”

“ஊதறான். இன்னிக்கு என்ன பாட்டுன்னுகூட எனக்குச் சொல்ல முடியும். முடியற வரைக்கும் நான் அசையறதில்ல.”

குழு முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. பாடகர்கள் மாறினார்கள், காங்கா முரசு அடிப்பவர்கள் செத்தார்கள், ஆட்டக்கூடங்கள் கார் நிறுத்துமிடங்களாயின. கடைசியில் நோயெமி ஒரு முடிவெடுத்தாள். “என் முட்டி இன்னொரு பனிக்காலம் தாங்காது. நான் மயாகுவேஸ் போறேன். வர்றவங்க வரலாம்.” எலாடியோவும் நானும் அவள் பின்னால் போனோம்.

சில வருஷங்களுக்குப் பின், ஊரில் ஒரு பல் மருத்துவர், இளம்பெண், தாடை எலும்பிலேயே திருகிப் பல் வைக்கிறாள் என்று கேள்விப்பட்டு எலாடியோ போனான். எழுபதைத் தாண்டியவனுக்கு எதற்கு இந்த வேதனை என்று எல்லாரும் கேட்டோம். “கறி கடிக்கணும்” என்றான்.

மருத்துவரிடம் வேறொன்று கேட்டிருக்கிறான். அவள் நேர்மையானவள். “கடிக்கலாம், சிரிக்கலாம். ஊதறதப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா” என்றாளாம்.

பற்கள் ஊன்றி ஆறியபின் ஒரு காலை. நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் நோயெமியோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மெலிந்து, விளிம்பு உடைந்து, நடுங்கி, பாதியில் அறுந்து மறுபடி வந்தது.

நோயெமி முகத்தைச் சுளித்தாள். “யாரு அது? பக்கத்து வீட்டுக்காரி மறுபடி ஊதிப் பழக ஆரம்பிச்சுட்டாளா?”

சத்தம் நின்றது. சற்றுக் கழித்து எலாடியோ ட்ரம்பெட்டோடு வாசற்படியில் வந்து நின்றான்.

“ஆமா. பக்கத்து வீட்டுக்காரிதான்” என்றான்.

நோயெமியின் கை வாயைப் பொத்திக்கொண்டது. அவன் ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தான். நான் பின்னால் போனேன். அலையைப் பார்த்துக்கொண்டு நின்றவன், “தப்பு அவமேல இல்ல மச்சான். எனக்கே அது யாருன்னு தெரியல” என்றான்.

அதன்பின் பல வாரங்கள் பெட்டி பரண்மேலேயே கிடந்தது. வீட்டில் இருவரும் அளந்து அளந்து பேசிக்கொண்டார்கள். ஒருநாள் காலை நோயெமி நாற்காலி போட்டு ஏறி, அதை இறக்கி, அவனுடைய காப்பிக் கோப்பை இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள்.

“என்ன இது?”

“ஊது.”

“எதுக்கு? உனக்கே அடையாளம் தெரியல.”

“அந்த எலாடியோவ எனக்கு நல்லாத் தெரியும். அவன்கூட வாழ்ந்தாச்சு. இவன் யாருன்னு பாக்கறேன். ஊதினாத்தான் காப்பி.”

அவன் ஊதினான். மறுநாளும் ஊதினான். பாட்டு எதுவும் இல்லை, ஒவ்வொரு சுரமாக நீட்டிப் பிடிப்பது மட்டும். எதிர்வீட்டுப் பெரியவர் குமர்சிந்தோ ஜன்னலைத் திறந்து கத்துவார்: “எலாடியோ! காப்பி ஆத்திக் குடிக்கக் கொஞ்சம் மூச்சு மிச்சம் வையிப்பா!” பழைய ஆள் ஒருபோதும் திரும்பி வரவில்லை. ஆனால் நாளாக ஆக, அந்த நடுக்கத்துக்குள்ளே ஒரு புது மனிதன் கால் ஊன்றி நிற்கப் பழகினான். சத்தம் சின்னது. ஓர் அறைக்குத்தான் போதும்.

பிராங்க்ஸை விட்டு நகராத கலிக்ஸ்டோவுக்கு ஒருநாள் தொலைபேசியிலேயே ஊதிக் காட்டினான்.

“கேவலமா இருக்கு” என்றான் கலிக்ஸ்டோ. “நிறுத்திடாதடா.”

பிப்ரவரியில் கண்டலாரியா மாதாவின் திருவிழாவுக்கு ஊர்ச் சதுக்கத்தில் அவனுக்கு மரியாதை செய்தார்கள். இள வயதுக் குழு ஒன்று அவனுடைய ட்ராம்போன் பாட்டுகளை வாசித்தது. அவன் மணியைத் தட்டினான். சதுக்கமே ஆடியது. பெட்டியையும் கொண்டுவந்திருந்தான், மேடைக்குப் பின்னால் என் நாற்காலிக்குக் கீழே இருந்தது. திறக்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் கேட்டேன்.

“திறக்கத்தான் மச்சான் கொண்டு போனேன். அவ்வளவு பேரும் சந்தோஷமா இருந்தாங்க. நான் ஊதியிருந்தா பாவப்பட்டுக் கைதட்டியிருப்பாங்க.” சிறிது தூரம் நடந்தபின், “இன்னும் ஒரே ஒரு தடவ அந்தப் பழைய சத்தம் வாயிலேர்ந்து வந்துட்டா, மிச்சம் இருக்கற ரெக்கார்ட எல்லாம் கடல்ல போடச் சொன்னாலும் போடுவேன்” என்றான்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அவன் போனான். இருதயம். தேவாலயத்தில் ட்ராம்போன்காரர்கள் நின்று வாசித்தார்கள்.

சில மாதங்கள் கழித்து நோயெமியைப் பார்க்கப் போனேன். மேசைமேல் பச்சைத் துவரையைக் குவித்து உரித்துக்கொண்டிருந்தாள். வானொலி ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ‘மாம்பழக் கூடை’, அந்தப் பழைய முதல் தட்டு. அவன் தனியாக ஊதும் இடம் நெருங்கியதும் நான் பதறி எழுந்து அணைக்கப் போனேன்.

“விடு அண்ணே, ஓடட்டும்” என்றாள். கடைசிவரை கேட்டாள். “நல்லா ஊதறான் அந்தப் பய.”

யாரோ தெரிந்தவர் வீட்டுப் பையனைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. பிறகு ஒரு காயைப் பிளந்தபடியே சொன்னாள். “காலைல எழுந்தா காது அந்த ரூம் பக்கமே போகுது. இத எப்ப வேணா கேக்கலாம். அத எங்க போய்க் கேப்பேன்?”

கூடத்தில் இருந்த பியானோவைத் திறந்து, அவன் நீட்டிப் பிடிக்கும் அந்தச் சுரங்களை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தேன். பியானோவில் ஒரு சுரத்தை அழுத்தினால் அது உடனே தேயத் தொடங்கிவிடும். அவனுடையது தேயாமல் நடுங்கும்.

“இது இல்ல” என்றாள் நோயெமி.

வேறு மாதிரி முயன்றேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அடுத்த காயை எடுத்தாள். மழை இருட்டிக்கொண்டு வரும்வரை நான் வாசித்தேன், அவள் துவரை உரித்தாள்.