உயிர்க்காவலரின் அப்பா

உயிர்க்காவலர் என்ற பட்டத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. அவரே சுவரொட்டியில் அச்சடித்துக்கொண்டார். தொழிலால் வக்கீல், பதவியால் சட்டமன்ற உறுப்பினர், ஞாயிறு பூசையில் முதல் பெஞ்சு. ஆண்டவர் கவனிக்கிறாரோ இல்லையோ, பின்னால் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும் அல்லவா.

போன வருடம் அவர் மெனக்கெட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார். உயிர் காக்கும் சிகிச்சை எதையும் தொடங்கிவிட்டால் நிறுத்தக் கூடாது. நிறுத்துகிற மருத்துவருக்கும் உடந்தையான உறவினருக்கும் சிறை. நோயாளியே வேண்டாம் என்றால்? அப்படிச் சொல்வதும் நோயின் அறிகுறிதான் என்று விளக்கம் எழுதி அந்தக் கதவையும் சாத்தினார்.

"திருச்சபையே இவ்வளவு தூரம் போகலையேப்பா" என்றார் பங்குச்சாமி.

"அதனாலதான் சாமி, நாங்க போறோம்."

போப்பாண்டவர் விட்ட குறையை நிரப்பிய திருப்தியில் அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற நீதிபதி. பள்ளி ஆசிரியையான மூத்த மகளின் வீட்டில் இருந்தார். சிறுநீரகம் கைவிட்டதால் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். முதலில் ஒத்துக்கொண்டது. பிறகு இதயம் பலவீனமானது. இயந்திரத்தில் போட்டதும் ரத்த அழுத்தம் சரியும், கால் நரம்புகள் முறுக்கிக்கொள்ளும், பாதியில் நினைவு தப்பும். வீட்டுக்கு வந்து வாந்தியெடுத்து, மறுநாள் முழுக்கச் சுருண்டு கிடந்து, ஒருவழியாக எழுந்து உட்காரும்போது வாசலில் மறுபடி கார் நிற்கும்.

ஒரு நாள் காலையில் அவர் போட்ட செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இனிமே நான் வரல" என்றார்.

அக்கா தம்பிக்கு போன் செய்தாள். உறுப்பினர் பதறியடித்துக்கொண்டு வந்தார். டாக்டரையும் கையோடு அழைத்து வந்தார்.

"அப்பா, இது தற்கொலைப்பா."

"எனக்குச் சாகணும்னு ஆசை இல்லடா" என்றார் அப்பா. "அந்த மெஷினோட மல்லுக்கட்டத் தெம்பு இல்ல. ரெண்டும் வேற வேற. நீ வக்கீல்தானே, வித்தியாசம் தெரியாதா?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "ஐயா சொல்றது நியாயம்தான் சார். இப்ப அவருக்கு அதனால நல்லதவிடக் கஷ்டம்தான் அதிகம். ஆனா நிறுத்திட்டேன்னு எழுதினா நான் ஜெயிலுக்குப் போகணும். உங்க சட்டம்."

"வீட்ல வெச்சுக்கிட்டா நானும் போகணும்" என்றாள் அக்கா. "டாக்டருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து அறை கிடைக்குமா தம்பி? கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லேன்."

உறுப்பினர் பங்குச்சாமியை வரவழைத்தார். இரண்டு வார்த்தை கண்டித்தால் கிழவர் வழிக்கு வருவார் என்று கணக்கு. சாமி கதவைச் சாத்திக்கொண்டு, கிழவர் தன் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனம் கேட்டார், நெற்றியில் எண்ணெய் பூசினார், வெளியே வந்தார்.

"சொல்லிட்டீங்களா சாமி?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? பலனவிடப் பாரம் பெருசாயிட்ட சிகிச்சைய அவர் வேணாம்னு சொல்லலாம். கொல்லாதேன்னுதான் கட்டளை. சாகவே விடாதேன்னு ஒண்ணு நான் எங்கயும் படிக்கல. முடிஞ்ச ஆகாரம் குடுங்க, வலிக்கு மருந்து குடுங்க, பக்கத்துல உக்காருங்க."

"நீங்க கொஞ்சம் தாராளம் சாமி."

"நானா சொல்றேன்? பல நூறு வருஷத்துப் பாடம்ப்பா. நீதான் புதுசா எழுதியிருக்க."

உறுப்பினர் உள்ளே போனார். அப்பாவின் கையில் ஊசி குத்திய இடமெல்லாம் கறுத்துப் புடைத்திருந்தது. இந்தச் சட்டத்துக்காக எத்தனையோ மேடையில் பேசியவர், அந்தக் கையை அன்றுதான் தொட்டுப் பார்த்தார். பிறகு வெளியே டாக்டரிடம் வந்தார்.

"நிறுத்தத்தான் கூடாது. தள்ளிவைக்கலாம். இன்னைக்கு உடம்பு சரியில்ல, அடுத்த முறை பார்க்கலாம்னு எழுதுங்க. அடுத்த முறையும் அப்படியே. முடிவு என்னோடதுன்னு சேர்த்து எழுதுங்க."

உள்ளிருந்து கேட்ட அப்பாவுக்குச் சிரிப்பில் இருமல் வந்தது. "காலம் பூரா உன்ன மாதிரி ஆளுங்க வாய்தா கேட்டா எரிஞ்சு விழுந்தேன். கடைசியில எனக்கே வாங்கித் தர்றியா!"

அப்புறம் அவர் அதிக நாள் இருக்கவில்லை. மகன் தினமும் மாலையில் வந்தார். நகம் வெட்டிவிட்டார், பழைய தீர்ப்புகளைப் பற்றிச் சண்டை போட்டார், தோற்றார். ஒரு மத்தியானம், மகள் உதட்டை நனைத்துக்கொண்டிருக்கும்போது அப்பா அமைதியாகக் கண்ணை மூடினார்.

அடக்கப் பூசையில் உறுப்பினர் பேசினார். "என் அப்பா கடைசி மூச்சு வரைக்கும் சாவோடு போராடினார்..." கூட்டம் உருகியது. அக்கா மட்டும் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவர் பேச்சைப் பாதியில் முடித்துக்கொண்டார். இறங்கிவிட்டார்.

மறுவாரம் கோயிலில் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் சன்னலருகே மண்டியிட்டார். "சாமி, அப்பாவ விட்டுட்டேன்."

"அது பாவமில்ல. வேற என்ன?"

"அவ்வளவுதான்."

"அந்தச் சட்டம்?" என்றார் சாமி. "மத்தவங்க அப்பாக்களுக்குத் தள்ளிவைக்க யார் இருக்கா?"

உறுப்பினர் சட்டசபையில் திருத்தம் கொண்டுவந்தார். வீட்டில் நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவருடைய கட்சியே, அப்பனைக் கொன்றவன் என்று மேசையைத் தட்டியது. திருத்தத்துக்கு ஆதரவாக இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று அவருடையது, இன்னொன்று தூக்கத்திலிருந்து விழித்த எதிர்க்கட்சிக்காரருடையது, அவரும் சுதாரித்து இறக்கிக்கொண்டார்.

சில நாளில் ஒரு காவல் ஆய்வாளர் அக்கா வீட்டுக்கு வந்தார். உறுப்பினரும் அங்கேதான் இருந்தார். புகார் வந்திருந்தது. முடிவு தன்னுடையது என்று எழுதச் சொல்லியிருந்ததால், அதில் உறுப்பினர் பேர் மட்டும்தான் இருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்று நெளிந்தார் ஆய்வாளர். "இந்தச் சட்டத்துல இதுவரைக்கும் யார் மேலயும் கேஸ் போட்டதில்ல. எந்தப் பிரிவு, எப்படி எழுதறதுன்னு ஸ்டேஷன்ல யாருக்கும் தெரியல."

உறுப்பினர் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். பிறகு உறுப்பினர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் மேல் போட வேண்டிய வழக்கை, ஒரு காற்புள்ளி தவறாமல் நிறுத்தி நிதானமாகச் சொல்லச் சொல்ல, ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.