கல்லறைத் தோட்டத்துச் சுவர்

காவிரியும் கொள்ளிடமும் ஒன்றாகி, ஸ்ரீரங்கத்துக்காரர்கள் மச்சில் அடுப்பு மூட்டிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருஷத்து ஆடி வெள்ளத்தில், திருச்சிக் கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவரும் விழுந்தது. உள்ளே இருந்தவர்களுக்குச் சேதமில்லை. வளைவு வாசலுக்கு நேரே பிரெஞ்சுச் சாமியார்களின் பலகைக்கல் கல்லறைகள், அப்பால் உச்சி கூம்பிய வெள்ளைக்கார அதிகாரிகளின் சமாதிகள், எல்லாம் இடுப்பளவு சேற்றுக் கறையோடு நின்றன.

சுவரைத் திரும்பக் கட்டும் வேலை கொத்தனார் பிலோமின்ராஜுக்கு வந்தது. அவன் மனைவி ரோசம்மாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தச் சுவருக்கு வெளியேதான் அவள் பிள்ளை கிடந்தது. பிறந்து, ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் படுமுன்னே போய்விட்ட பிள்ளை. அப்படிப்பட்டவற்றை மந்திரித்த மண்ணில் புதைப்பதில்லை. வெளியே, தோப்போரத்தில் ஒரு குழி. போன கல்லறைத் திருநாளுக்கு அவள் அங்கே ஏற்றிய மெழுகுவர்த்தியை வாய்க்கால் காற்று நிற்கவிடவில்லை.

பிலோமின்ராஜ் அவள் முகத்தைப் பார்த்தான். “நூல் பிடிக்கிறவன் நான்தானே. நாலு முழம் வெளியே தள்ளிப் பிடிச்சா யாருக்குத் தெரியப் போவுது?” என்றான்.

“திருட்டுச் சுவருக்குள்ள எம் புள்ள வேண்டாங்க. நான் கேட்டு வாங்குறேன்.”

மறுநாள் பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள். அவர் நல்லவர்; அதனால் சொல்ல வந்ததை இரண்டு முறை விழுங்கிவிட்டே சொன்னார். திருச்சபைச் சட்டம் தம் கையில் இல்லை, பிள்ளையை எடுத்து உள்ளே வைக்க முடியாது என்றார்.

“புள்ள வர வேண்டாம் சாமி. சுவர் வரட்டும்.”

சாமியார் வெகுநேரம் செபமாலையை உருட்டினார். சுவர் எங்கே நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் வெளியே உள்ள தோப்பு நிலம் முகம்மது கனி ராவுத்தருடையது, அவர் மனம் வைத்தால் கட்டலாம், அந்த மண்ணை மந்திரிக்க மட்டும் தம்மால் ஆகாது என்றார். அதுவே போதும் என்று ரோசம்மாள் நேரே தோப்புக்கு நடந்தாள். கேட்டால் கொடுக்கிறவர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள், கேட்கத்தான் ஆள் குறைவு என்பது அவள் எண்ணம்.

ராவுத்தர் அவளைச் சொல்லி முடிக்கவே விடவில்லை.

“அந்த ஓரத்துல எங்க அத்தா காலத்துலேருந்தே மண்வெட்டி போடுறதில்லம்மா. சின்னச் சின்ன மேடு. பார்த்தா தெரியாதா? எடுத்துக்கங்க.” பிறகு சிரித்தார். “ரெண்டு தென்னையும் உள்ள வருது. காய் விழுந்தா மட்டும் சொல்லி அனுப்புங்க.”

ஐப்பசி பிறப்பதற்குள் சுவர் எழுந்து, சுண்ணாம்பும் அடித்தாயிற்று.

கல்லறைத் திருநாளன்று சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். மேடுகள் தொடங்கும் இடத்தில் நின்றார். புதுச் சுவரை மந்திரிக்க வேண்டுமே என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, கையை நன்றாக ஓங்கித் தெளித்தார். சுவரில் பட்டது பாதி. மீதி எங்கே விழுந்தது என்று அவர் குனிந்து பார்க்கவில்லை.

“சாமிக்கு இன்னிக்குக் குறி தப்புது,” என்று பிலோமின்ராஜ் கிசுகிசுத்தான்.

ரோசம்மாள் மெழுகுவர்த்தியை ஏற்றினாள். பழக்கத்தில் முந்தானையை இழுத்துக் காற்றை மறைக்கப் போனாள். தேவைப்படவில்லை. சுவருக்கு அந்தப் புறம் தோப்பு முழுவதும் ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் புறம் சுடர் நிமிர்ந்து நின்றது.