இரண்டாவது குரல்

செனட்டர் டெஸ் ஹாரிகன் பேசாத விஷயம் கிடையாது. ஆறு வருஷத்தில் கான்பெர்ரா அவையில் நானூற்றுப் பன்னிரண்டு உரைகள், பதினேழு விசாரணைக் குழுக்கள். நத்தை இறக்குமதியைப் பற்றிக்கூட இருபது நிமிடம் பேசியிருக்கிறார். கேட்டவர்கள் குறைவு, அது வேறு கதை.

பதினேழில் ஒன்றுதான் அவரைத் திருப்பிக் கடித்தது. வில்லூரா ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடியது பற்றிய விசாரணை. குழுவின் தலைவர் டெஸ்தான். அடுத்த ஆஸ்பத்திரிக்கு நூற்றுப்பத்து கிலோமீட்டர் போகும் வழியில் காரிலேயே பிள்ளை பெற்றவர்கள் சொன்னதை மூன்று நாள் உட்கார்ந்து கேட்டார். ‘வார்டை உடனே திறக்க வேண்டும்’ என்று அறிக்கை எழுதினார். அமைச்சர் மனதாரப் பாராட்டி அதை அலமாரியில் வைத்தார்.

இன்று சுயேச்சை செனட்டர் இல்சா ப்ரம்மர் அதே வரியைத் தீர்மானமாகக் கொண்டுவந்துவிட்டார். டெஸ்ஸின் ஆளுங்கட்சி எதிர்த்தது. எதிர்க்கட்சியும் எதிர்த்தது, வார்டை மூடியதே அவர்கள் ஆட்சியில்தான்.

ஆளுங்கட்சிக் கொறடா நொரீன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வெள்ளிக்கிழமை வேட்பாளர் லிஸ்ட்டுல உன் பேரு இருக்கணுமா, வேணாமா?”

“நான் ஒண்ணுமே பண்ணலையே.”

“அதையே தொடர்ந்து பண்ணு, ராசா.”

குரல் வாக்கெடுப்பில் ‘ஆம்’ என்று இல்சாவின் குரல் மட்டும் கேட்டது. ‘இல்லை’க்கு அவை அதிர்ந்தது. தீர்மானம் தோற்றது என்றார் அவைத் தலைவர்.

“டிவிஷன்!” என்றார் இல்சா.

டிவிஷன் என்றால் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பக்கம் பிரித்து உட்காரவைத்துத் தலைகளை எண்ணுவது; அதற்கு இரண்டு பேர் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் எதிர்த்தவர் ஒருவர் பெயரும் அவைக்குறிப்பில் ஏறாது. கேட்டவர் ‘ஆம்’ பக்கம் உட்கார்ந்தாக வேண்டும், முடியும்வரை வெளியேறவும் கூடாது.

அவைத் தலைவர் இரண்டாவது குரலுக்குக் காத்திருந்தார். அத்தனை செனட்டர்களும் போனில் ஏதோ தேடினார்கள். டெஸ் பார்வையாளர் மாடத்தைப் பார்த்திருக்கக் கூடாது. அங்கே வில்லூராவின் நர்ஸ் மெர்லா கிட்சன், விசாரணையில் சாட்சி சொன்னவர், முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“டிவிஷன்.”

அது தன்னுடைய குரல் என்று டெஸ்ஸுக்கே சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது.

வெளியே இருப்பவர்களை வாக்களிக்க அழைக்கும் மணி அடிக்கத் தொடங்கியது. நான்கு நிமிடம் அடிக்கும்.

“உனக்கென்ன பேய் பிடிச்சிருக்கா?” நொரீன் பல்லைக் கடித்தார். “முதுகு வலின்னு எழுந்து போயிடு.”

“போக விட மாட்டாங்க நொரீன். கேட்டவனாச்சே.”

“அப்ப வெள்ளிக்கிழமை போறதுக்குத் தயாராயிரு. அன்னிக்கு யாரும் தடுக்க மாட்டாங்க.”

டெஸ் எழுந்து ‘ஆம்’ பக்கம் போய் உட்கார்ந்தார். வெளியிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போனார்கள்.

“என்ன டெஸ், வழி தவறி உட்கார்ந்துட்டியா?”

“நல்ல மனுஷன்யா. பாவம்.”

கதவுகள் பூட்டப்பட்டன. ஆம் இரண்டு, இல்லை அறுபத்தொன்று. அத்தனை நீளமான காலி வரிசையில் கையை எங்கே வைப்பதென்று டெஸ்ஸுக்குத் தெரியவில்லை.

ஒரு பாராட்டுப் பார்வையாவது கிடைக்குமா என்று மாடத்தை நிமிர்ந்து பார்த்தார். மெர்லா அவர் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்வரிசையை ஒவ்வொரு முகமாகப் பார்த்து, உதடு அசைய, பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.