தாமதமாகக் கவ்வும் பின்சக்கரம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். நம்பாதவர் காத்திவாக்கம் வந்து நண்டுகளைக் கேட்கலாம். எண்ணூர் நண்டு பொய் சொல்லாது. கதை பிறந்தது என் பக்கத்து வீட்டு வாசலில். அங்கே வினிதா தன் மலைச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அதை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள்.

1

கடல் சிவந்து கிடந்த அந்த... (வேண்டாம். கடலில் தொடங்கினால் மீன் விலையில் போய் நிற்கும்.)

வினிதாவுக்கு ஒரே கவலை. மாநில அணித் தேர்வில், கல் கொட்டிய இறக்கத்தில் ஒருமுறைகூடக் கால் ஊன்றாமல் இறங்க வேண்டும். ஊன்றினால் வீட்டுக்குப் போகலாம்.

மிதித்த உடனே கவ்வும் புது ஹப்பை, அதாவது நடுக்குடத்தை, பின்சக்கரத்தில் மாட்டியிருந்தாள். ஏற்றத்தில் வண்டி பறந்தது.* இறக்கத்தில்தான் வினை. பிரேக்கைப் பிடித்தபடி கல்லில் இறங்கினால் அதிர்வு தாங்கும் பின் ஷாக் அமுங்கும், சக்கரம் பின்னால் நகரும், செயின் இழுபடும். ஹப் உடனே கவ்வுவதால் அந்த இழுப்பு நேராகப் பெடலுக்கு வந்து பாதத்தை உதைக்கும். ஷாக்கே இறுகிப்போனது போலிருக்கும். கால் தெறித்துத் தரைக்குப் போகும்.

(* கும்மிடிப்பூண்டி ரயிலை முந்தினாள். ரயில் நின்றுகொண்டிருந்தது என்பவர்கள் பொறாமைக்காரர்கள்.)

2

அவள் அண்ணன் உதயா விசைப்படகு இன்ஜின் பார்ப்பவன். உப்புக்காற்று படும் எதையும் கிரீஸில் முக்கிவிடுவான். தங்கை தூங்கும்போது ஹப்பைத் திறந்து, படகுக்குப் போடும் கெட்டி கிரீஸை அடைத்துவிட்டான்.

"இன்னாண்ணா பண்ணிவெச்சிகீற? மிதிச்சா கொஞ்சம் சும்மா சுத்திட்டு அப்பால கவ்வுது!"

"துரு புடிக்காதுல்ல? சந்தோசப்படாம கத்திகினு கீற."

"இது போட்டு இல்லண்ணா, சைக்கிளு!"

"ஓட்டிப் பாத்துட்டுப் பேசு. மூழ்கிட்டா சொல்லு, வந்து தூக்கறேன்."

(உதயா எல்லாம் தெரிந்தே செய்ததாக ஒரு வரைவு எழுதினேன். அவனே சிரித்தான். கிழித்துவிட்டேன்.)

3

கோபத்தோடு பயிற்சி இறக்கத்துக்குப் போனவள் முதல் கல்லில் இறங்கினாள். உதை வரவில்லை. ஹப்புக்குள் பல்லைக் கவ்வும் சின்னக் கொக்கிகள் கிரீஸில் சோம்பிக் கிடந்தன. அவை கவ்வுவதற்குள் செயினின் இழுப்பு அந்தச் சும்மா சுற்றலிலேயே கரைந்துபோனது. அதே ஷாக், அதே கல்; காலுக்கடியில் மட்டும் பஞ்சு.

"ஷாக்க மாத்தினியாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே வீடு திரும்பினாள்.

"நா எங்க அத்தத் தொட்டேன்?"

வினிதா வாசலிலேயே உட்கார்ந்து யோசித்தாள். தாமதம்தான் வேண்டும், கிரீஸ் வேண்டாம். அதை நம்பினால் ஒருநாள் கவ்வாமலே கவிழ்த்துவிடும். பரணிலிருந்து பழைய ஹப்பை இறக்கினாள். பல் குறைவு, நிதானமாகக் கவ்வும். ஏற்றத்தில் கொஞ்சம் வேகம் போகும். போகட்டும் என்று மாட்டினாள்.

4

முடிவு ஒன்று: கடைசிக் கல்லில் சக்கரம் வழுக்கி, அவள்... (கூடாது. அவள் அம்மா கெங்கம்மா காதுக்குப் போனால் எனக்கு வரும் மீன் குழம்பு நின்றுவிடும்.)

முடிவு இரண்டு: ஒருமுறைகூடக் கால் ஊன்றாமல் இறங்கினாள். நடுவர் விசிலை விழுங்கிவிட்டார். அன்று முழுக்க மூச்சுவிட்டாலே ஊதியது. உதயா யார் யாரையோ கட்டிப்பிடித்ததில் பாதிக் கூட்டம் கிரீஸாகத் திரும்பியது. இதுதான் நடந்தது.

பிடிக்காவிட்டால் நீங்கள் வேறு எழுதிக்கொள்ளுங்கள். அவள் காலை மட்டும் தரையில் வைத்துவிடாதீர்கள்.

தேர்வே வருகிற ஞாயிற்றுக்கிழமைதான்.